விரதப் பருப்பில் பன்றிக் கொழுப்பு

நான் வேலை பார்க்கும் ஆய்வுகூடத்துக்குப் போகும் வழியில், நுவரெலியா ஹோட்டல் ஒன்றிலிருந்து பன்றி இறைச்சியான பேக்கன் வறுபடும் வாசம் வந்தது. கால் தயங்கியது.

இதே வாசம் எங்கள் அடுப்பிலிருந்து வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல்காரர். அங்கே மிஞ்சும் பன்றிக் கொழுப்பை ஜாம் டின்னில் கொண்டுவருவார். குளிரில் உறைந்தால் நெய் போலவே இருக்கும். தீமிதிக்காக அவர் காப்புக் கட்டி விரதமிருந்தபோது, அம்மா கொழுந்து பறிக்கப் போன ஒருநாள், நெய்யென்று அதிலேயே பருப்பைத் தாளித்துவிட்டேன். வாசத்தில் புரிந்தது, பயத்தில் சொல்லவில்லை. அப்பா முழுவதும் சாப்பிட்டார்.

தீமிதியன்று அம்மன் கோயில் முன் தீக்குழி சிவந்து கிடந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்காதீங்கப்பா. அன்னைக்குப் பருப்புல பன்னிக் கொழுப்பு."

"வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சுடி. கொட்டியிருந்தா ஒங்கம்மா ஒன்ன வெளுத்திருப்பா."

"கோயில் ஆத்தாளுக்கும் தெரியுமேப்பா."

அவர் மணிக்கட்டுக் காப்பைத் தொட்டுப் பார்த்தார். என் கையை உதறிவிட்டுக் குழியில் இறங்கினார்.

பாதத்தில் ஒரு கொப்புளமும் இல்லை. ஆனால் அதன்பின் அவர் காப்புக் கட்டவே இல்லை.