வராத மாப்பிள்ளைக்கு ஓர் அறை

வாடிக்கையாளரின் தேவையை முதலில் கேள் என்று இன்டீரியர் டிசைன் படிப்பில் சொல்லித் தந்தார்கள். அருப்புக்கோட்டையில் ஆபீஸ் போட்ட பிறகுதான் தெரிந்தது, இங்கே வீடு கட்டுகிறவர்களுக்குத் தேவை என்று ஒன்றும் கிடையாது. சம்பந்திக்கு உண்டு, கொழுந்தியாளுக்கு உண்டு, பால் காய்ச்சும்போது வந்து சுற்றிப் பார்க்கப்போகிற ஊராருக்கு உண்டு. குடியிருக்கப் போகிறவர்கள் மட்டும், "எங்களுக்கென்னம்மா, எப்புடியும் இருந்துக்கிருவோம்" என்பார்கள்.

திருச்சுழிப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி வீட்டில் உள்வேலைக்குக் கூப்பிட்டார்கள். டிவிக்குப் பின்னால் கல்யாண மேடை மாதிரி ஒரு பலகை ஜோடனை வேண்டும் என்றார் வீட்டுக்காரர். செய்துவிடலாம் என்றேன். இந்தத் தொழிலில் ரசனையை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.

அவருடைய மகள் அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போன தடவை கொஞ்சம் மார்க்கில் தவறிவிட்டது. இந்தத் தடவையும் தவறினால் கல்யாணம்தான் என்று அப்பா சொல்லியிருந்தார். நான் அளவெடுக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, கதவச் சாத்திக்கிட்டுப் படிக்கிற மாதிரி ஒரு எடம் போட்டுக் குடுப்பீகளா? மாடிப்படில உக்காந்து படிக்க முடியலக்கா."

அப்பாவிடம் சொன்னேன்.

"கட்டிக் குடுத்தாப் போற பிள்ளைக்கு எதுக்கும்மா தனி ரூமு?" என்றார்.

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அதை முழுங்கிக்கொண்டு, "சரிங்கய்யா, மாப்பிள்ளை வந்தால் எங்கே தங்குவார்?" என்று கேட்டேன்.

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதானே! அவுகளுக்கு ஒரு ரூமு வேணும்ல?"

அவுக யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவருக்கு ஏசி வேண்டும் என்பதில் மாமனாருக்குச் சந்தேகமே இல்லை. மாப்பிள்ளை ஆபீஸ் வேலை பார்ப்பார் என்று நல்ல மேசை போட்டேன். நிறைய வாசிப்பார் என்று சுவர் முழுக்க அலமாரி அடித்தேன். கண் கூசாத விளக்கு, சுழலும் நாற்காலி எல்லாவற்றுக்கும் மாமனார் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். இந்த வராத மாப்பிள்ளையைப் போல ஒரு வாடிக்கையாளர் எனக்கு வாய்த்ததில்லை. சைட்டுக்கு வரமாட்டார், பெயின்டை மாற்றச் சொல்லமாட்டார்.

"மாப்ள தங்கமானவருக்கா" என்று அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பால் காய்ச்சிய அன்று போனால் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. சாவி வீட்டுக்காரர் இடுப்பில்.

"பிள்ளை பொழங்கினா அழுக்காயிரும்லம்மா. மாப்ள ரூமு."

சொந்தக்காரர்களுக்கு மட்டும் திறந்து காட்டினார். காரியாபட்டியிலிருந்து வந்த அவருடைய அக்கா, மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இம்புட்டும் செஞ்சு பூட்டியா வைப்பாக? வெரசா ஆளப் பாருடா தம்பி."

தம்பி யோசனையோடு தலையை ஆட்டினார்.

பிறகு ஒரு நாள் அலமாரிக் கதவைச் சரிசெய்யப் போனேன். அறை திறந்திருந்தது. நான் போட்ட மேசையில் ஜாதகங்களைப் பரப்பி, நான் வாங்கிய நாற்காலியில் தரகர் சுழன்றுகொண்டிருந்தார். ஏசி ஓடியது.

"எல்லாம் நீங்க ரூமு போட்ட ராசிதாம்மா!" என்றார் வீட்டுக்காரர், வாயெல்லாம் பல்லாக.

மகள் மாடிப்படியில் இருந்தாள். படித்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பரீட்சை அடுத்த மாசங்க்கா," என்றாள். "அதுக்கு முன்னாடி அவுக வந்துருவாக போல."