காட்டு லவங்கப்பட்டை மரத்தின் மேல் எழுதிய சொல்

வனத்துறை நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றுகிறவளை எல்லோரும் மூக்குக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு இலையைக் கசக்கிக் காட்டினால் போதும், மரத்தின் பேரைச் சொல்லிவிடுவாள். சம்பளத்தில் மட்டும் மூக்குக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது.

வேலிக்குப் பின்னால் நின்ற காட்டு லவங்கப்பட்டை மரம் என்றால் அவளுக்கு உயிர். கடையில் விற்கிற பட்டை அதன் வாசனைக்குக் கால்தூசு பெறாது. அந்தக் காட்டில் அந்த இனத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். மூன்று வருடமாக நாற்றங்கால் அதிகாரி அதன் விதைகளை மற்ற விதைகளைப் போலவே வெயிலில் காயவைத்து, டப்பாவில் அடைத்து, சாவகாசமாக விதைத்தார். ஒன்றுகூட முளைக்கவில்லை. பதிவேட்டில் ‘மலட்டு மரம்’ என்று எழுதினார். பாதையை அகலப்படுத்தும்போது வெட்டிவிடலாம் என்று முடிவாயிற்று.

அந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான மூன்றாம் வருடமே புகுந்த வீட்டில் அவள்மேல் ஒட்டிவிட்டார்கள். எந்த டாக்டரும் சொல்லாததை நாத்தனார் சொன்னாள். இப்போது மரத்துக்கும் அதே பட்டமா என்று நேராக அதிகாரியிடம் போய் நின்றாள்.

“மரத்துல குறை இல்ல சார். பறவை பழத்தத் தின்னுட்டு விதைய ஈரத்தோடதான் போடுது. காயவெச்சா போடுது?”

“உனக்கு மூக்கு இருக்கு, ஒத்துக்கறேன். விதைய எங்கிட்ட விடும்மா.”

அவள் விடவில்லை. பழம் கறுத்து விழுந்த அன்றே பொறுக்கினாள். சதையைக் கழுவி, ஈரம் காயுமுன் பழைய பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பிப் புதைத்தாள். வீட்டுக் குளியலறை ஜன்னலோரம் முழுக்க பாக்கெட்டுகள்.

“குளிக்கறதுக்கு உன் பிள்ளைங்ககிட்ட உத்தரவு கேக்கணும்போல இருக்கே!” என்றான் லாரி மெக்கானிக்கான புருஷன்.

“கேட்டுட்டே குளிங்க. சோப்பு நுரை அதுங்க மேல படக்கூடாது.”

சோப்பு டப்பாவை அவனே எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டான்.

மரம் வெட்டும் நாள் குறித்தாகிவிட்டது. இருபத்தைந்து நாள் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறாம் நாள் முதல் முளை எட்டிப் பார்த்தது. ஒரு வாரத்தில் பத்தொன்பது, எல்லாம் இளஞ்சிவப்புத் தளிரோடு.

வெட்டுகிற ஆள் ரம்பத்தோடு கையெழுத்துக்குக் காத்திருந்த காலையில், பத்தொன்பதையும் வாளியில் அடுக்கி அதிகாரியின் மேஜைமேல் வைத்தாள். ஒரு தளிரைக் கிள்ளிக் கசக்கி அவர் மூக்கருகே நீட்டினாள். அவர் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார்.

“சரிம்மா. வெட்ட வேண்டாம்னு எழுதிடறேன்.”

“அது போதாது சார். மொதல்ல அந்த வார்த்தைய அடிங்க.”

அவர் ஒரு கோடு இழுத்தார்.

“இன்னும் படிக்க முடியுது சார்.”

அவர் மறுபடி அடித்தார். காகிதம் கிழிகிறவரை அவள் அங்கிருந்து நகரவில்லை.