நாளைக்கு நாலு மணிக்குக் கத்துவம்

அன்று காலை இத்தாலியில், பலெர்மோவின் பொலிதேயாமாச் சதுக்கத்தில் நான் துப்புரவு செய்யும் கந்தோரின் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து சிஞ்ஞோரா, கந்தோர் அம்மா, எட்டிப் பார்த்து, எனக்குத் தொலைபேசி என்றார். வேலை இடத்துக்கு யாரும் எனக்கு எடுப்பதில்லை. எடுத்தவர் ஜெசிந்தா அக்காவின் தமையன் சவரிமுத்து அண்ணர். "ஜெசிந்தா விடியப்புறம் ஆஸ்பத்திரியிலை மோசம் போட்டாள்," என்றார். அடுத்த மூச்சிலேயே, "சத்தம் போடாதை பிள்ளை, அது வேலை செய்யிற இடம்," என்றார். நான் சத்தம் போடவில்லை. துணியைப் பிழிந்து மிச்சக் கதவையும் துடைத்தேன். அந்தக் கதவின் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

அடக்கப் பூசைக்கு அச்சடித்துக் கொடுத்த துண்டில் அவரை "அமைதியே உருவானவர்" என்று போட்டிருந்தார்கள். வேறு யாருடைய துண்டையோ மாறித் தந்துவிட்டார்கள் என்று நினைத்துப் படத்தை மறுபடி பார்த்தேன். அவரேதான். பலெர்மோவில் ஜெசிந்தா அக்காவைப் பழகி அறிந்தவர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், அவர் என்றைக்கு அமைதியாக இருந்தார்? மூன்றாம் மாடியில் அவர் சிரித்தால் தெருவில் தோடம்பழம் விற்பவர் அண்ணாந்து பார்ப்பார். அமைதியான ஜெசிந்தா வேண்டியவர்கள் அந்தத் துண்டை வைத்திருக்கட்டும். நான் எழுதுவது பேய்ப்படம் போட்டு, வடை சுட்டு, வருடத்தில் ஒரு பின்னேரம் எங்கள் எல்லோரையும் கட்டடம் அதிரக் கத்தவைத்த ஜெசிந்தாவைப் பற்றி.

அவர் மன்னார்க்காரி. லிபெர்த்தாத் தெருவில் நடக்க முடியாத ஒரு சிஞ்ஞோராவைப் பராமரித்தார். கோடைகாலத்து ஞாயிறுகளில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். கடற்கரை வெறித்து, தெருமுனைகளில் கஸ்தான்யாக் கொட்டை சுடும் புகை கிளம்பியதும் அக்காவுக்கு ஒரு உசார் வந்துவிடும். வேலை முடிந்து வரும் வழியில் வீடியோக் கடைக்குள் புகுந்து பேய்ப்படக் கசெற்றுகளைப் புரட்டுவார். அட்டையில் இரத்தம் கூடினால் படம் சரியில்லை என்பது அவருடைய கணிப்பு. "நல்ல பேய் அட்டையிலை வந்து நிக்காது," என்பார். நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தவர்களின் நாளில், காலையில் பூசைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவார். பின்னேரம் நாலு மணிக்கு அவர் வீட்டில் படம் ஓடும்.

எனக்கு அப்போதெல்லாம் பேய் என்ற பேச்சே ஆகாது. நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. செத்தவர்களுக்கு நாங்கள் விளக்கேற்றிப் படைப்போம், படம் போடமாட்டோம். முதல் தரம் கூப்பிட்டபோது, "நான் வரேல்லை அக்கா," என்றேன்.

"ஏன், பயமோ?"

"ஓம்."

"அப்ப கட்டாயம் வா வசந்தி. பயமில்லாத ஆக்களை வைச்சு நான் என்ன செய்யிறது?"

போனேன். யன்னல் பலகைகளை இறக்கி, அதற்கு மேல் போர்வையும் கட்டியிருந்தார். கட்டிலிலும் தரையிலுமாகச் சனம். நடுவில் பருப்பு வடை, தாளித்த கடலை, மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டிய கஸ்தான்யா. இந்த ஊரில் அந்த நாட்களுக்கென்றே செய்கிற, கராம்பு மணக்கும் வெள்ளை பிஸ்கற்றும் ஒரு தட்டில் இருந்தது. நான் ஒன்றை எடுத்தேன். "அது செத்த ஆக்களின்ரை எலும்பு," என்றார் அக்கா. நான் வெடுக்கென்று கீழே போட்டேன். அறை முழுக்கச் சிரித்தது. உண்மையிலேயே அதன் பெயர் அதுதானாம், இறந்தவர்களின் எலும்பு. கடித்தால் எலும்பு உடைகிற மாதிரியே சத்தமும் வரும். படத்தில் எலும்புக்கூடு வரும்போது கடிப்பதற்கென்று அக்கா தன் பங்கை மடியில் எடுத்து வைத்திருப்பார்.

படம் இத்தாலிய மொழியில். எங்களில் பலருக்கு வீட்டு வேலைக்குத் தேவையான இத்தாலியன்தான் தெரியும், பேய் பேசுகிற இத்தாலியன் தெரியாது. ஆகவே அக்கா மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முழுக்கத் தன் சொந்தச் சரக்கைத்தான் அவிழ்த்துவிட்டார். ஒரு பழைய மாளிகைச் சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் பேய் முனகியது. "இவள் ஏன் அக்கா சுவருக்குள்ளை நிக்கிறாள்?" என்று யாரோ கேட்டார்கள். "பாவம், பெர்மெஸ்ஸோ இல்லை. கொஸ்தூராவிலை இருந்து பொலிசுக்காரர் வந்து பிடிச்சுப்போடுவாங்கள் எண்டு ஒளிச்சிருக்கிறாள்," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேய் வரும்போதெல்லாம் நாங்கள் அதற்காகக் கவலைப்பட்டோம். அந்த அறையிலேயே அப்போது பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிடப் பத்திரம் இல்லாத ஒருத்தி இருந்தாள். அக்காவோடு அதே வீட்டில் இருந்த ராணி. எல்லோரையும் விட அவள்தான் கூடுதலாகச் சிரித்தாள்.

அக்காவுக்கு ஒரேயொரு சட்டம் இருந்தது. பயம் வந்தால் கண்ணை மூடக் கூடாது, வாயையும் பொத்தக் கூடாது. கத்த வேண்டும். நான் வழக்கம்போல் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தேன். பக்கத்திலிருந்து அவர் கை வந்து அதைப் பிடுங்கி எறிந்தது. "கத்தடி!" என்றார். அந்த நேரம் பார்த்துச் சுவர் வெடித்துப் பேய் வெளியே வந்தது. கத்தினேன். என் தொண்டைக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்ததென்று எனக்கே தெரியாது. எல்லோரும் கத்தினோம். "மம்மா, ஃபாந்தாஸ்மா! பேய்!" என்று பிள்ளைகள் கட்டிலில் துள்ளிக் கத்தினார்கள்.

கதவு தடதடவென்று அடிபட்டது. கீழ்மாடிச் சிஞ்ஞோரா கையில் தும்புத்தடியோடு நின்றார், யாரையோ கொல்கிறார்கள் என்று நினைத்து. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் பொலிசைக் கூப்பிட்டிருப்பேன் என்றார். பொலிஸ் என்ற சொல் காதில் விழுந்ததுமே ராணி குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். பிறகு எவ்வளவு கூப்பிட்டும் படம் முடியும்வரை அவள் வெளியே வரவில்லை.

மறுநாள் சவரிமுத்து அண்ணர் வந்து ஏசினார். தமிழ்க் கத்தோலிக்கரின் பங்குச் சபையில் பொறுப்பில் இருப்பவர், பெயர் கெடக் கூடாது என்று எந்நேரமும் பதைக்கிறவர். ஆனால் அன்றைக்கு அவர் பேச்சில் நியாயம் இருந்தது. "பொலிஸ் வந்திருந்தா ராணியை ஏத்தியிருப்பாங்கள். உன்ரை விளையாட்டுக்கு அவள் அழியிறதோ? இனிமேல் இந்தக் கூத்து வேண்டாம்." அக்கா யன்னலில் கட்டியிருந்த போர்வையை அவிழ்த்து மடித்தார். விட்டுவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம்.

அவரா விடுவார்? அடுத்த ஆண்டு, படத்துக்கு முந்தின நாள், நீலக் கரை போட்ட எனாமல் தட்டு நிறைய வடையை அடுக்கிக்கொண்டு கீழ்த் தளத்திலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டினார். தட்டை நீட்டி, "சிஞ்ஞோரா, தொமானி, அல்லே குவாத்ரோ," என்பார். நாளைக்கு, நாலு மணிக்கு. என்ன நாலு மணிக்கு என்று அவர்கள் விழிப்பார்கள். அக்கா அந்த இடத்திலேயே கண்ணை உருட்டி ஒரு சின்னக் கத்தல் கத்திக் காட்டுவார். வடையை வாங்கிய எவரும் பொலிசைக் கூப்பிடவில்லை. கீழ்மாடிச் சிஞ்ஞோரா மறுநாள் நாலு மணிக்கு முன்பே ஒரு தட்டு எலும்பு பிஸ்கற்றோடு வந்து கட்டிலில் நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். அவருடைய கத்தல் எங்களுடையதை விட நீளம். ராணியும் குளியலறைக்குப் போகவில்லை.

சபையில் சிலர் அதற்குப் பிறகும் விடவில்லை. ஆன்மாக்களின் நாளில் பெண்பிள்ளைகள் கூடி இருந்து குளறுவது என்ன பழக்கம் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அங்கே ஊரில் சண்டையில் சனம் செத்துக்கொண்டிருக்க இங்கே பேய்ப்படமோ என்றும் கேட்டார்கள். அக்கா கோவில் வாசலில் நின்று பதில் சொன்னார். "காலமை மெழுகுதிரி கொளுத்திறன், பின்னேரம் கத்திறன். ஆண்டவருக்கு ரெண்டும் விளங்கும். உங்களுக்கு விளங்காட்டி நான் என்ன செய்யிறது?"

எனக்கும் அப்போது முழுதாக விளங்கவில்லை. ஒரு நாள் வடைக்குப் பருப்பு அரைக்கும்போது கேட்டேன், ஏன் அக்கா கத்தத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள்? அவர் வலது கையை விரித்துக் காட்டினார். பெருவிரலுக்குக் கீழே பற்கள் பதிந்த பழைய தழும்பு. சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருந்தபோது மேலே ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம் கேட்டிருக்கிறது. சின்னத் தங்கச்சியின் வாயை அக்கா பொத்தியிருக்கிறார். அவள் மூச்சு முட்டிக் கடித்திருக்கிறாள். அந்தத் தங்கச்சி இப்போது மன்னாரில் இரண்டு பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறாள்.

"அண்டைக்கு அவளும் கத்தேல்லை, நானும் கத்தேல்லை. கத்தியிருந்தா செத்திருப்பம், அது சரி. ஆனா அந்தக் கத்தல் எங்கை போறது, சொல்லு? உள்ளுக்கைதானே கிடக்குது. இஞ்சை மேலை ஒருத்தனும் நடக்கேல்லை. பிறகேன் வாயைப் பொத்துறியள்?" என்றார். பிறகு பருப்புக்கு உப்புக் காணாது என்று என்னை ஏசினார்.

இந்த ஊரில் நவம்பர் முதலாம் திகதி இரவு செத்துப்போனவர்கள் வந்து பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மையும் பாதாம் மாவில் செய்த பழங்களும் வைத்துவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டுவிட்டு வந்து என் மகள், "எங்கட செத்த ஆக்கள் ஏன் ஒண்டும் கொண்டுவாறேல்லை?" என்றாள். எங்கள் வீட்டுச் செத்தவர்களின் பெயர்கள் எனக்குள் வரிசையாக வந்தன. எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா சட்டென்று, "ஆர் சொன்னது? வந்தவை. உங்கட வீடு தெரியாமல் என்ரை வீட்டை வைச்சிட்டுப் போட்டினம். நாளைக்கு வந்து எடு," என்றார். மறுநாள் அவர் மேசையில் குதிரையில் இருக்கும் சீனி வீரன் ஒருவன் நின்றான். மகள் அவன் தலையை முதலில் கடித்தாள். அதைப் பார்த்து நான் அழுதேன், அக்கா கைதட்டினார்.

இந்தக் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பொலிதேயாமாக் கடைகளின் கண்ணாடிகளில் ஹலோவீன் என்று பூசணிக்காய் முகங்களும் வந்துவிட்டன. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். தானும் ஒன்றைக் குடைந்து யன்னலில் வைத்தார். குடைந்த சதையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கினார். "முகத்தை வைச்சிட்டுச் சாப்பாட்டை எறியிறாங்கள், விசரங்கள்," என்றார். பேய் பார்த்துக்கொண்டு அந்தக் கறியை எலும்பு பிஸ்கற்றால் தொட்டுத் தின்ற ஒரே சனம் நாங்களாகத்தான் இருப்போம்.

அடக்கத்தன்று கோவிலில் ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை. பெட்டியை மூடும் நேரம் ராணி வாயைத் திறந்தாள். சவரிமுத்து அண்ணர் திரும்பி, "சத்தம் போடாதை, வெள்ளையள் பாக்கினம்," என்றார். ராணி வாயைப் பொத்தினாள். நானும் பொத்தினேன். ஊரில் செத்த வீட்டில் வாய்விட்டு அழாவிட்டால்தான் குறை சொல்வார்கள். கத்துங்கள் என்று சொல்லிச் சொல்லியே செத்த ஒருத்தியின் பெட்டியைச் சுற்றி நின்று, நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். வாசலில் வைத்து அண்ணர் இன்னொன்றும் சொன்னார். துடக்கு வீடு, ஒரு வருடத்துக்குக் கொண்டாட்டம் இல்லை, இந்த முறை படமும் இல்லை.

மன்னியுங்கள் அண்ணர். படம் இருக்கிறது.

இன்று நவம்பர் முதலாம் திகதி. காலையில் ராணியும் நானும் அக்காவின் அடுப்பில் வடை சுட்டோம். உப்பு இந்த முறை காணும். நீலக் கரைத் தட்டில் அடுக்கிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். தொமானி, அல்லே குவாத்ரோ. எனக்கு அவரைப் போலக் கத்திக் காட்ட வரவில்லை, ஆனால் எல்லோருக்கும் விளங்கியது. கீழ்மாடிச் சிஞ்ஞோரா தட்டைப் பார்த்து, "அவள் இல்லாமலா?" என்றார். ஓம், அவர் இல்லாமல்தான் என்றேன். சிஞ்ஞோரா மூக்கைச் சிந்திவிட்டு, எலும்பு பிஸ்கற்றுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டதாகச் சொன்னார்.

கடைசியாக அடுத்த தெருவுக்குப் போய்ச் சவரிமுத்து அண்ணரின் கதவைத் தட்டினேன். தங்கச்சியின் தட்டை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஏச வாயெடுத்தவர் ஏசவில்லை. "நாளைக்கு நாலு மணிக்குக் கத்துவம் அண்ணர்," என்றேன். அவர் ஒரு வடையை எடுத்தார், தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். கதவைச் சாத்தப் போனவர் மறுபடி திறந்து, "எத்தினை மணி எண்டனி?" என்று கேட்டார்.

நாலு மணி, அண்ணர்.

ஜெசிந்தா அக்காவினுடையதாக என்னிடம் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்று அந்தத் தட்டு, அதை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன். மற்றது, அன்று கந்தோர்க் கதவைத் துடைத்தபோது நான் போடாமல் விழுங்கிய சத்தம். அதை நாளைக்குப் போடுவேன். பலெர்மோ கேட்கட்டும்.