வடக்கே விழுந்த சுவர்

சுவர் வடக்குப் பக்கமாக விழுந்திருந்தது. தானே புயல் கரையைக் கடந்த மறுநாள், பாதித் தூரம் பஸ்ஸிலும் மீதித் தூரம் யாரோ ஒருவருடைய வண்டியின் பின்னாலும் சிதம்பரத்திலிருந்து வந்து, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கால் வைத்ததும் நான் பார்த்தது அதைத்தான். வரும் வழியில் பார்த்தவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்திருந்தேன். வேப்பமரம், தெற்கே. மின்கம்பங்கள், தெற்கே. பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகை, தெற்கே. வடக்கிலிருந்து அடித்த காற்று எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சாய்த்திருந்தது. எங்கள் கொல்லைச் சுவர் மட்டும் எதிர்த்திசையில், மாமா வீட்டுப் பக்கம் கிடந்தது. நான் சிவில் படித்தவள். சிதம்பரத்தில் கட்டட வேலையில் சைட் இன்ஜினியர். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதிக்கு அடுத்தபடியாக எனக்கு வந்தது சந்தேகம்தான்.

சந்தேகம் எங்கள் குடும்பத்தில் மாமாவின் சொத்து. அம்மாவின் ஒரே தம்பி. பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. தூங்குகிறவனை விட்டுவிட்டு, தூங்குவதுபோல் நடிக்கிறவனைத் தட்டி எழுப்பும் கண் அவருக்கு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது. வார இதழ்களில் தொடர்கதை படிப்பார்; அதிலும் பரிசோதனைதான். கதையில் இடி இடித்துக் காற்று கிளம்பினால் பக்கத்தைத் தட்டிக்காட்டிச் சிரிப்பார். "பாத்துக்கோ, எழுதறவனுக்கு எவனையோ ஒழிச்சிக் கட்டணும். கையில ரத்தம் படக்கூடாது. அதான் புயல கூப்புடறான்." பிரிந்த காதலர்கள் புயலுக்குப் பயந்து ஒரே மண்டபத்தில் ஒதுங்கினால் இன்னும் மோசம். "ஊர்ல வேற மண்டபமே இல்லியா?" என்பார்.

வரலாற்றையும் அவர் விட்டதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஊர்க் கடலில் புயலில் கப்பல்கள் மூழ்கின என்று நான் பள்ளிப் பாடத்தை வாசித்தபோது, "சரக்கோட முழுவுச்சா, வெறுங்கப்பலா? அதப் போட்டிருக்கானா பாரு," என்றார். போட்டிருக்கவில்லை. இயற்கை யாருக்கும் வசதியாக நடந்துகொள்ளாது. வசதியாக நடந்தால் பின்னால் ஒரு ஆள் நிற்கிறான். அவருடைய நம்பிக்கை இவ்வளவுதான். சிறுவயதில் அது எனக்குப் பெரிய அறிவாகத் தெரிந்தது. அந்த நம்பிக்கைதான் கொல்லையில் சுவர் எழுப்பியது.

தாத்தாவின் மனை இரண்டு தெருக்களுக்கு இடையே நீளமாகக் கிடந்தது. தெற்குத் தெருவைப் பார்த்து எங்கள் வீடு, தளம் போட்டது. வடக்குத் தெருவைப் பார்த்து மாமாவின் ஓட்டு வீடு. நடுவில் பொதுக் கொல்லை. சுனாமி வந்த அந்த வாரத்தில், இன்னொரு அலை வருகிறது என்று யாரோ கத்த, தெருவே ஓடியது. நாங்களும் ஓடினோம். திரும்பி வந்தபோது கொல்லையிலிருந்த தாத்தாவின் வெந்நீர்த் தவலையைக் காணவில்லை. பித்தளை, ஒரு ஆள் தூக்க முடியாதது. ஊரே பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த நாளில் மாமா அம்மாவைப் பார்த்து, "நீ எத்தினி மணிக்குக் கெளம்புன? யார் யார் கூட இருந்தாங்க?" என்று கேட்டார். திருடினாய் என்று சொல்லவில்லை. பயணியிடம் கேட்பதுபோல் கேட்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். அடுத்த மாதமே மாமா நடுக்கொல்லையில் ஒற்றைச் செங்கல் சுவரை எழுப்பினார். ஏழு வருடம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண வீடுகளில் ஒரே பந்தியில் உட்கார்ந்தும் பேசவில்லை.

அந்த மாமாதான் இப்போது எங்கள் சமையலறைப் படியில், இறந்துபோன என் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அம்மா போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். அத்தை காட்டுமன்னார்கோயிலில் மகளுடைய பிரசவத்துக்குப் போயிருந்தாள். புயலில் அவர் தனியாக இருந்திருக்கிறார்.

"வா இன்ஜினியரு. ஒனக்குத்தான் காத்திருக்கேன்," என்று என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்கூட்டு ஓடு பறக்குது. வாசல்ல மரம் வுழுந்து கதவ அடைச்சிடுச்சு. போக்கிடமில்லாம கொல்லையில நிக்கிறேன். கரெக்டா அந்நேரம் பாத்து செவுரு வுழுது. நான் அங்க நிக்கிறது காத்துக்கு எப்பிடித் தெரியும்?"

நான் குனிந்து ஒரு செங்கல்லைப் புரட்டிப் பார்த்தேன்.

"வுழறதுக்கு முன்னாடி ஒரு கொரலு கேட்டுச்சு. 'ஓரமா போடா'ன்னு."

"அம்மாவா மாமா?"

"அவ எங்கிட்ட பேசி ஏழு வருஷம் ஆவுது. எனக்கென்ன தெரியும் அவ கொரலு இப்ப எப்பிடி இருக்குன்னு."

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு வழக்கமான குரலுக்குத் திரும்பினார். "காத்து தள்ளுனதுன்னா கெடக்கட்டும், வுட்டுடலாம். அவ தள்ளுனதுன்னா சொல்லிடு. கொத்தனார இட்டாந்து முன்ன இருந்த மாதிரியே கட்டிட்டுப் போயிடறேன். யார் தயவும் எனக்கு வேணாம்."

சமையலறைக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "நான் எதுக்குத் தள்ளப் போறேன்? எனக்கு வேற வேல இல்ல?" என்றாள். முன்னறைக் கட்டிலடியில் கிடக்கும் கடப்பாரை பின்கதவோரம் நின்றிருந்தது. கதவு அடித்துக்கொண்டதாம், முட்டுக் கொடுத்தாளாம். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்திருந்தது. வீட்டுக்குள் வந்த தண்ணீரை வாளியில் இறைத்தாளாம். ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பதிலும் சரிதான்.

அவள் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பது எனக்குப் புரிந்தது. சுனாமி வாரத்தில் கேட்ட அந்தக் கேள்வியை மாமா இன்னும் திரும்பப் பெறவில்லை. அதற்கு முன்பே இறங்கி வந்தது தான்தான் என்று அவள் வாயால் சொல்ல வேண்டுமா? மாமா பக்கமும் அதே கதைதான். அக்கா காப்பாற்றினாள் என்றால் ஏழு வருடத்துக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும்; அதைவிடச் செங்கல் அடுக்குவது சுலபம். இருவருக்கும் புயல் தேவைப்பட்டது.

கொல்லைக்குத் திரும்பி வந்து, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புயலின் மையம் கடந்து போனதும் காற்று திசை மாறும். முதலில் வடக்கிலிருந்து அடிக்கும். கொஞ்சம் அடங்கும். பிறகு தெற்குப் பக்கத்திலிருந்து அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட சுவரை இரண்டாவது காற்று வடக்கே தள்ளலாம்.

"நடுவுல அடங்குச்சு. அது நெசந்தான்," என்றார் மாமா.

பிறகு அந்தக் கண் வேலையைத் தொடங்கியது. விழுந்த செங்கற்களைப் பார்த்தார். சுவர் நின்ற கோட்டைப் பார்த்தார். தலையைத் திருப்பி, அந்தக் கோட்டுக்குத் தெற்கே நெடுக நிற்கும் எங்கள் வீட்டைப் பார்த்தார். பின்சுவர், கைப்பிடிச் சுவர், மேலே தண்ணீர்த் தொட்டி. மெதுவாகப் பார்த்தார். அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"அப்பச் சரி. காத்துதான்," என்றார், சமையலறை வரைக்கும் கேட்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "ஏன்டி, தெக்குக் காத்த நம்ம வூடு மறைக்காதா?"

"மறைக்கும்."

"அத அவன் கேக்கவே இல்லியே." களைந்த தண்ணீரைக் கொட்டினாள். பிறகு இன்னொரு பிடி அரிசி போட்டாள்.

செங்கற்களை அந்தப் பொங்கலுக்குள் அள்ளிவிட்டோம். கோடைக்குள் மாமா ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டார். கம்பி கட்டியதிலிருந்து கான்கிரீட் இறுகியது வரை நான் ஞாயிறுதோறும் வந்து நின்று பார்த்த வேலை. இன்று அவருடைய வீடு எங்கள் வீட்டைவிட உறுதியானது.

இந்த அக்டோபரில் துறைமுகத்தில் மறுபடியும் புயல் கூண்டு ஏற்றியபோது சிதம்பரத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். மாமா மத்தியானமே கொல்லை வழியாக வந்து பாயை விரித்துவிட்டதாகச் சொன்னாள். அத்தையும் வந்தாயிற்றாம்.

"நீ கூப்பிட்டியா?"

"நான் எதுக்குக் கூப்புடறேன்? அங்க தளம் ஒழுவுதாம்டி. ராத்திரிக்குப் படுக்க முடியாதாம். அவன்தான் சொல்றான்."

அந்தத் தளத்தைப் போட்டவள் நான். அது ஒழுகாது.