இரண்டு தட்டு, பிறகு ஒன்று

நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள். டோங்கா நாட்டின் ஹாபாய் தீவில், பட்டப்பகலில், இந்தக் காதால் நான் கேட்டது.

அப்பாவைச் சனிக்கிழமை அடக்கம் செய்தோம். தம்பி ஃபொலாவு வந்து சேரவில்லை. வவாவு தீவிலிருந்து அப்பாவின் படகில் தனியாகக் கிளம்பிவிட்டான் என்று மட்டும் தகவல். ஞாயிறு ஓய்வுநாள்; டோங்காவில் அன்றைக்கு எந்த வேலையும் செய்ய மாட்டோம், படகும் எடுக்க மாட்டோம். வழியில் ஏதாவது தீவில் ஒதுங்கியிருப்பான், திங்களன்று வருவான் என்று இருந்துவிட்டோம்.

"பெத்தவன் சாவுக்குக்கூட நேரத்துக்கு வரமாட்டாரு, தொரை," என்றாள் செய்னி அத்தை. அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஞாயிறு காலை எல்லோரும் சர்ச்சுக்குப் போனார்கள். கல்லறைக்கு நான் காவல். வெள்ளை மணல் மேட்டின்மேல் கருங்கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

டக் டக்... டக்.

மண்ணுக்குள்ளிருந்து வந்தது. கற்கள் அதிர்ந்தன.

அந்தத் தட்டு எனக்குத் தெரியும். கடலில் முங்கி மீன் பிடிக்கும்போது, மேலே படகில் இருப்பவனுக்குக் கேட்கும்படி படகின் அடியைத் தட்டுவோம். இரண்டு, பிறகு ஒன்று. 'என்னைத் தூக்கு' என்று அர்த்தம். எனக்கும் தம்பிக்கும் அப்பா சொல்லிக்கொடுத்தது.

சர்ச்சுக்கு ஓடி அத்தையை இழுத்து வந்தேன். மணலில் காதை வைத்தாள். முகம் வெளுத்தது.

"தோண்டலாம் அத்தை!"

"இன்னிக்கு மண்வெட்டியத் தொடக்கூடாது."

"அப்பா உசுரோட இருக்காரு!"

"நான்தானடா குளிப்பாட்டினேன்? பொணம் எதுன்னு எனக்குத் தெரியாதா? அது பேய். நாளைக்குப் பாக்கலாம்."

மதியம் அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சேப்பங்கிழங்கும் பன்றிக்கறியும் சாப்பிட்டாள். தட்டல் நிற்கவில்லை. நான் காதைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் சத்தம் மெலிந்தது.

டக்... டக்...

சர்ச் மணி அடித்தது. பிறகு ஒன்றுமே இல்லை.

திங்கள் விடிந்ததும் தோண்டினோம். அப்பா, கிடத்தியபடியே கிடந்தார். சுற்றிய பாயில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

"பாத்தியாடா, பயந்தாங்கொள்ளி?" அத்தை என் தலையில் குட்டினாள்.

எனக்கும் நிம்மதிதான். சிரித்தேன்.

மத்தியானம் மீன் பிடிக்கப் போனவர்கள் அப்பாவின் படகை இழுத்து வந்தார்கள். தீவின் பின்புறப் பாறையில் கவிழ்ந்து கிடந்ததாம். நீந்திப் போகிற தூரம்.

அடியில் ஃபொலாவு. காலில் நங்கூரக் கயிறு சிக்கியிருந்தது.

படகுக்குள் கொஞ்சம் காற்று தங்கியிருக்கும், ஞாயிறு சாயங்காலம்வரை உயிரோடு இருந்திருப்பான் என்றார் டாக்டர்.

தம்பியின் வலது கையைப் பார்த்தேன்...

விரல் முட்டிகளில் தோலே இல்லை.