நடக்கவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை

உறவினர்களே, எங்கள் நைனா மறைந்து ஓராண்டு ஆகிறது. ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று நினைவுநாள் அட்டையில் அச்சடித்திருக்கிறோம். மகளாகிய எனக்கு அந்த வரியில் உடன்பாடில்லை. முருகன் கூப்பிடவில்லை. நாம்தான் அனுப்பி வைத்தோம்.

நைனா பள்ளிப்பட்டுக்கு அருகே வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, ஏர் பிடித்து, தங்கைகள் இருவரையும் கரையேற்றினார். யாரிடமும் கைநீட்டாதவர். எழுபது வயதிலும் கழனிக்கு நடந்தே போவார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி மலையைப் படிவழியாகவே ஏறுவார்.

அம்மா போன பிறகு அண்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார். ஏழாவது மாடி. கீழே கார் நிறுத்தும் இடத்தில் நடந்தால் குடியிருப்போர் சங்கத்தார் முகம் சுளித்தார்கள். தெருவில் நடைபாதை முழுக்க பைக்குகள். நைனா ஒரு பால் பாக்கெட் வாங்கப் போனால்கூட, பெற்ற தகப்பனை வேலை வாங்குகிறான் என்று பேசுவார்களே என அண்ணனுக்குப் பயம். “எதுக்கு நைனா அலைஞ்சிகினு? ஒக்காருங்க, எல்லாம் வீடு தேடி வரும்” என்பார். வந்தன, சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்.

தினமும் மெதுவாக நடக்க வையுங்கள், திடீரென்று உடம்பை வருத்த வேண்டாம் என்றார் டாக்டர். தலையாட்டினோம். மாத்திரையை மட்டும் வாங்கினோம். மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு அவரைத் திருத்தணிக்குக் கூட்டிவந்தோம். மலைமேல் வரை கார் போகும். விட்டுப்போன வேண்டுதல், காவடி எடுத்துப் படிவழியாகத்தான் போக வேண்டும் என்று உறவினர்களாகிய நீங்கள் சொன்னீர்கள். பாதிப் படியில் நைனா நின்றார். வியர்வை கொட்டியது.

“மார் அடைக்குதும்மா. கொஞ்சம் எறக்கி வெக்கட்டா?” என்றார்.

தோளில் ஏற்றிய காவடியைச் சன்னதி போய்ச் சேருமுன் இறக்கினால் குற்றம் என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. அவருக்குப் பதில் சொன்னது நான்தான். “இன்னும் கொஞ்ச தூரம்தான் நைனா. அரோகரா சொல்லிக்கினே ஏறுங்க.”

ஏறினார். பத்துப் படிகூட இருக்காது. காவடியோடு சாய்ந்தார்.

அவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய முகம் தெரியாத பக்தர்களுக்கும், மருத்துவமனையில் உடனிருந்த பங்காளிகளுக்கும், காரியத்துக்கு வந்த அனைவருக்கும் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். நைனா நின்றபோது, படியோரம் பூ விற்ற ஓர் அம்மாள், “சாமி ஒண்ணும் கோச்சிக்காது, பெரியவர ஒக்கார வெய்யிங்க” என்றார். நான் அவரை முறைத்தேன். அத்தனை பேரில் நைனாவின் முகத்தைப் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.