பெயருக்கு நடுவே ஒரு கொக்கி

புரோகிராம் எழுதுகிற வேலையில் பாதி நேரம் எழுதுவது, மீதி நேரம் அடுத்தவர் எழுதியதற்குத் திட்டு வாங்குவது. இதில் தலையைக் கொடுத்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜாதிக்காயைக் காணோம்

தொண்ணூறுகளின் கடைசி. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் ஆபீஸ். முதலாளி சசி சார், நான், இரண்டு கம்ப்யூட்டர். ஒரு மசாலா வியாபாரிக்குச் சரக்கு இருப்பைக் காட்டும் புரோகிராமைச் சாரே எழுதினார். ஜாதிக்காய் ஃபோல்டருக்கு ‘நட்மெக்’ என்று பெயர். அதற்கு முன்னால் ஒரே ஒரு சாய்கோடு போட்டிருந்தார். சாய்கோட்டை ஒட்டி ‘என்’ என்ற இங்கிலீஷ் எழுத்து வந்தால் அடுத்த வரிக்குப் போகச் சொல்வதாக மெஷின் எடுத்துக்கொள்ளும். கோட்டை இரண்டாகப் போட்டால்தான் வெறும் கோடு என்று விட்டுவிடும். எஸ்கேப் என்பது இதுதான்.

திரையில் ஜாதிக்காய் வரவேயில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சார் என்னைக் காட்டி வியாபாரியிடம் சொன்னார்: “தமிழ்க் குட்டியல்லே, இங்கிலீஷ்ல ஒரு எழுத்து விட்டுப்போகும். சேட்டன் க்ஷமிக்கணும்!”

நான் பிறந்ததே மட்டாஞ்சேரியில்.

டி’க்ரூஸ் சேச்சி

அப்புறம் தோப்பும்படியில் ஒரு கிளினிக். நோயாளியின் பெயரைத் தேடும் பகுதி சார் எழுதியது. டி’க்ரூஸில் இருப்பதுபோல் பெயருக்கு நடுவே வரும் கொக்கியைப் பெயரின் முடிவு என்று நினைத்து மெஷின் நின்றுவிடும். இன்னொரு கொக்கியைப் பக்கத்தில் சேர்த்தால் போதும். இதை இரண்டு முறை சொன்னேன். “கொக்கி இல்லாமல் அடிக்கச் சொல்லு” என்றார்.

அப்படியே அடித்தார்கள். காலில் புண்ணோடு வந்த திரேசா டி’க்ரூஸுக்குக் கொக்கியில்லாத பெயரில் கம்ப்யூட்டரில் புதுக் கார்டு. பெனிசிலின் ஆகாது என்ற குறிப்பு பழைய கார்டில் இருந்தது. ஊசியோடு வந்த நர்ஸிடம் சேச்சி என்ன மருந்து என்று கேட்டதால் தப்பித்தார். பிரிண்டர் மாட்ட நானும் அங்கே போயிருந்தேன். சாரைக் கேட்காமல், அங்கேயே உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திருத்தினேன். திரையில் பழைய கார்டு வந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

சேச்சி முறைத்தார்: “உங்க கம்ப்யூட்டருக்காக இந்த வயசுல நான் திரும்ப ஞானஸ்நானம் வாங்கணுமா மோளே?”

காக்கநாட்டில்

சில வருஷம் கழித்துக் காக்கநாட்டில் ஒரு பெரிய கம்பெனிக்கு எங்கள் புரோகிராமைக் காட்டப் போனோம். அங்கிருந்த பெண் முதலிலேயே கொக்கி வைத்த பெயரை அடித்துப் பார்த்தாள். நிற்காமல் ஓடியது. “பலரும் கோட்டைவிடுற இடம் சார் இது” என்று பாராட்டினாள். சார் என் பக்கம் திரும்பக்கூட இல்லை: “இந்தக் குட்டிக்கு முதல் நாளே நான் படிப்பிச்சது இதுதான்!”

இத்தனை வருஷமும் நான் கோட்டுக்கும் கொக்கிக்கும் எஸ்கேப் போட்டேன், ஒவ்வொரு முறையும் எஸ்கேப் ஆனவர் சசி சார்.